புதுப்பிப்பு: தூரப் பயணத்துக்குக் கார் பெயின்ற்றைக் காப்பாத்திறது, மாஸ்கிங் ரேப் சரிவந்தது

யாழ்ப்பாணத்திலயிருந்து கதிர்காமம் போகேக்க காரின்ர முன்பக்கப் பெயின்ற்றைக் கல்லு, பூச்சியிலயிருந்து எப்பிடிக் காப்பாத்திறதெண்டு கேட்டிருந்தனான், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போயிட்டு வந்தாச்சு.

பெயின்ற் அடிக்கிற ஆக்கள் பாவிக்கிற மாஸ்கிங் ரேப்பை ஒட்டச் சொன்ன அண்ணாவின்ர யோசனைதான் கைகுடுத்தது. பொனற் விளிம்பிலயும் பம்பரிலயும் ஒட்டினன். ஏ9 றோட்டில லொறிக்குப் பின்னால போகேக்க குறுணிக்கல்லுத் தெறிச்சு ரேப் அங்கங்க கிழிஞ்சு கிடக்கு, கீழ பெயின்ற்றில ஒரு கீறலும் இல்லை. பெரிய கல்லுக்கு இது தாங்காது.

எதிர்பாராதது என்னெண்டா, இன்னொராள் சொன்ன கார் மெழுகையும் பூசினபடியா ரேப் அதில பிடிக்கேல்லை, வவுனியா தாண்ட முன்னமே ஓரம் காத்துக்கு எழும்பிட்டுது, ஸ்பிரிட்டால துடைச்சுப்போட்டு ஒட்டத்தான் நிண்டுது. அதால ரேப் வாற இடத்தை விட்டுட்டு மற்ற இடத்துக்கு மெழுகு பூசுங்கோ, காஞ்ச பூச்சியும் ஈரத்துணியோட சுகமா வரும்.

வந்த உடன ரேப்பைக் கழட்டுங்கோ, வெயில்ல விட்டா பசை இறுகிப்போடும். பம்பரில நிண்ட பசை டபிள்யூடி-40 (துரு இளக்கிற எண்ணெய் ஸ்பிரே) போட்டுத் துடைச்சு சோப்புத்தண்ணியால கழுவப் போயிட்டுது. திரும்பப் பெயின்ற் அடிச்ச காரெண்டா கவனம், ரேப்போட பெயின்ற்றும் உரிஞ்சு வரலாம்.