பத்மினி: ரன்னிங் போர்டை வெட்டியதிலிருந்து டிரைவர் கதவு சாத்தவில்லை

ஈரோட்டுக்காரன்:
அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார், பத்து வருடமாக ஷெட்டிலேயே கிடந்தது. ரப்பர் மேட்டைத் தூக்கினால் டிரைவர் காலடியில் சிமெண்ட் தரை தெரிந்தது. அந்தப் பக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும் துருப்பிடித்து, கட்டை விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. டிங்கர் முன்னால் கிராஸ் மெம்பரிலும் (அடியில் குறுக்கே ஓடும் சட்டம்) பின்னால் ஆக்சிலிலும் ஸ்டாண்டு கொடுத்து, முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட்டார். அன்று மாலையே கதவு சாத்தவில்லை. லாக் பக்கம் மேலே பில்லரில் (கதவுத் தூணில்) இடிக்கிறது, காகிதம்கூட நுழையாது; கீழே சுண்டுவிரல் போகிறது. கதவு ஓரத்தை கிரைண்டரில் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார். விடலாமா?

சேலம் மாமா:
கீல் தேய்ந்திருக்கும் தம்பி. பின் மாற்றுங்கள், போதும்.

பட்டறைக்காரன் மகன்:
கிரைண்டரை முதலில் ஆஃப் பண்ணச் சொல்லுங்கள். கீல் தேய்ந்தாலும் இதே இடத்தில்தான் இடிக்கும், மாமா சொல்வதில் தப்பில்லை. ஆனால் வெட்டுவதற்கு முதல் நாள் வரை கதவு ஒழுங்காகச் சாத்தியதா? கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இல்லையென்றால் கீல் நிரபராதி.

பத்மினிக்கு ஜீப் மாதிரி தனிச் சேசி, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. அதன் மூலமான ஃபியட் 1100, 1953-இலேயே பாடியே சேசியாக வந்த வண்டி. ரன்னிங் போர்டும் ஃப்ளோரும்தான் அதற்கு முதுகெலும்பு. இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் வெட்டினால் வயிறு தொங்கத்தான் செய்யும். கதவுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, வெட்டாத இடது பக்கத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கியாயிற்றா?

ஈரோட்டுக்காரன்:
டேங்கை இன்றுதான் இறக்கினோம், திட்டாதீர்கள். வெட்டும் வரை கதவு நன்றாகவே சாத்தியது, கீலிலும் ஆட்டம் இல்லை. முன் கீழ் மூலையிலிருந்து பின் மேல் மூலைக்கு அளந்தால், வலது பக்கம் 8 மி.மீ. குறைகிறது.

பட்டறைக்காரன் மகன்:
அப்போ தொங்கியதுதான். நடுப் பில்லருக்குக் கீழே துருவேறாத இடமாகப் பார்த்து, நீளக் கட்டை கொடுத்து ஜாக்கி வையுங்கள். கால் சுற்று, கதவைச் சாத்து, அளவு பார். அப்புறம் அடுத்த கால் சுற்று. இடைவெளி மேலும் கீழும் ஒன்றானதும், கதவைக் கழற்றி சட்டத்துக்குக் குறுக்கே ஒரு இஞ்ச் சதுரப் பைப்பை டாக் அடித்து (தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாக வெல்டு வைத்து) நிறுத்துங்கள். வெட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

தகடு 18 கேஜ் போதும். சி.ஓ.டூ வெல்டிங் பிடியுங்கள். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் தகடு நெளிந்து, அந்த நெளிவை நிரப்பப் பட்டி பூசிப் பூசியே கடைசியில் அரை வண்டி பட்டியாகிவிடும். கோடாக இழுக்காமல் இரண்டு செ.மீ. அடித்து, தள்ளி இன்னொரு இடத்தில் அடிக்கட்டும். பழைய துருத் தகட்டின் மேலேயே புதுத் தகட்டை மூடினால் இடையில் தண்ணீர் நின்று திரும்பவும் அரிக்கும். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைத் தாரால் அடைத்துவிடாதீர்கள். முக்கால்வாசி பத்மினி அதனால்தான் செத்தது.

ஈரோட்டுக்காரன்:
அண்ணா, நான்கு நாள் ஆயிற்று. ஜாக்கி ஏறஏற மேல் இடைவெளி விரிவது கண்ணுக்கே தெரிந்தது, டிங்கரும் வாயைத் திறக்கவில்லை. புது ரன்னிங் போர்டு உட்கார்ந்துவிட்டது, பைப்பை வெட்டிய பிறகும் கதவு ஒரே தள்ளில் சாத்துகிறது. இன்று காலை இடது பக்க ஜாக்கி பாயிண்டில் ஜாக்கியை வைத்தேன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் உள்ளே போய்விட்டது.

பட்டறைக்காரன் மகன்:
இந்தத் தடவை பைப் முதலில்.