கிளிப் போட்ட பல்லின் வேர் கரைந்திருக்கிறது: பொறுப்பு யாருடையது?

கேள்வி:
என் மகளுக்கு 13 வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டோம். நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்தார்கள். அதற்கு முன் அச்சு எடுத்ததோடு சரி, எக்ஸ்ரே எடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு மருத்துவர் ஓபிஜி (எல்லாப் பற்களும் தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்து, மேல் முன்பற்கள் இரண்டின் வேர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டதாகச் சொன்னார். பழைய இடத்தில் கேட்டால், என் கணவர் கையெழுத்திட்ட ஒற்றைத் தாளைக் காட்டுகிறார்கள். "எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இது தவறான சிகிச்சைதானா?

பதில் (பல் சீரமைப்பு மருத்துவர்):
அம்மா, முறையாகச் செய்த சிகிச்சையிலும் வேர் சிறிது கரைவதுண்டு. ஆகவே வேர் குட்டையானதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல இயலாது. ஆனால் ஓபிஜியும் செஃபலோகிராமும் (தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே) பார்க்காமல் நான்கு பற்களை எடுக்கத் துணிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தொடக்கத்திலேயே வேர் குட்டையாக இருந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அந்த மருத்துவருக்கே துணை நின்றிருக்கக்கூடிய சாட்சியும் அதோடு போயிற்று. முதல் ஓராண்டுக்குள் ஒரு படம் எடுத்திருந்தால் கரைவது தெரிந்திருக்கும், கிளிப் பல்லை நகர்த்தத் தரும் விசையை இரண்டு மூன்று மாதம் நிறுத்திவைத்திருக்கலாம். விசை நின்றால் கரைவதும் பெரும்பாலும் நின்றுவிடும் என்பதால், வழக்குக்கு முன் ஒரு சீரமைப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

பதில் (வழக்கறிஞர்):
கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்த்தது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைப் போதிய அளவு சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் சொன்னது. அந்த ஒற்றைத் தாள் கவனக்குறைவுக்குக் கவசமாகாது. சிகிச்சைக் கோப்பின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி புகாருக்கு 2 ஆண்டுதான் காலவரம்பு, தள்ளிப்போடாதீர்கள். காவல் நிலையம் இதற்கான இடமன்று.

கேட்டவர்:
நன்றி ஐயா. முதல் நாள் எடுத்த அச்சில் மாவு ஊற்றி வார்த்த பல் வார்ப்பு எங்களிடம் இருக்கிறது. அது பயன்படுமா?

பதில் (பல் சீரமைப்பு மருத்துவர்):
வேரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் பற்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்று அதில் அளக்கலாம். நான்கு பற்களை எடுக்கத் தேவை இருந்ததா என்ற கேள்விக்கு உங்களிடம் உள்ள ஒரே தடயம் அதுதான். உடையாமல் பஞ்சில் சுற்றி வையுங்கள்.