பாத்ரூம் சுவிட்ச்: கறுப்பு வயரிலும் கரண்ட் வருமா?

வயரிங் வேலை தெரிந்த அண்ணாமார் யாராவது சொல்லுங்கள். வீடு உப்புவெளியில், கடற்கரைப் பக்கம். பாத்ரூம் லைட் சுவிட்சைப் போட்டால் உள்ளே சர்ரென்று சத்தம். மூடியைக் கழற்றிப் பார்த்தால், உப்புக்காற்றில் பித்தளை ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. புதுச் சுவிட்ச் வாங்கிவிட்டேன்.

பழைய வயரிங், ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர், டெஸ்டர் எரியாது) என்றுதான் நினைத்தேன். ஆனால் சுவிட்சைப் போட்டால் கறுப்பிலும் டெஸ்டர் எரிகிறது, நிற்பாட்டினால் இல்லை. அப்படியென்றால் அது பல்புக்குப் போகும் வயர்தானே? பயந்து மெயினை ஓஃப் பண்ணிவிட்டு அப்படியே மூடிவிட்டேன்.

அப்புறம், இந்தச் சுவிட்ச் ஷவருக்கு ஒரு கை தூரம்தான். 230 வோல்ட், ஈரக்கை! கதவுக்கு வெளியே மாற்றச் சொல்கிறா அம்மா. சுவரை உடைக்காமல் முடியுமா? இரண்டு நாளாக டோர்ச் வெளிச்சத்தில்தான் குளிப்பு.