மார்கழி விடியலில் மட்டும் கார் சாவி திரும்பவில்லை, குளிரா, உப்புக்காற்றா?

திருவான்மியூர்க்காரன்:
வண்டி 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். தெருவோரம்தான் நிற்கும், கடற்கரை கூப்பிடு தூரம். டிசம்பர் பாதியிலிருந்து ஒரு தொல்லை. அம்மாவை மயிலாப்பூர் கோயிலுக்கு அழைத்துப்போக விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால், சாவி உள்ளே போகிறது, ஆனால் திரும்புவதில்லை. உருவி, மறுபடி போட்டு, மல்லுக்கட்டினால்தான் வழிக்கு வருகிறது. சில நாள் எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகும் சாவி தானாகப் பின்னால் வராமல் அங்கேயே நிற்கிறது, கையால் தள்ள வேண்டியிருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டே திருப்பிப் பார்த்தாயிற்று, வித்தியாசம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் லாக் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பெரம்பூர் பழைய மெக்கானிக்:
தம்பி, முதலில் அந்தச் சாவி பின்னால் வராத விஷயம். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டார் விலகாமல் கூடவே சுற்றினால் அதன் பல்சக்கரம் தேயும், மோட்டார் கருகும். சரியாகும்வரை ஒவ்வொரு தடவையும் கையால் திருப்பி விடுங்கள்.

இப்போது குளிர். நம் ஊர் மார்கழியில் விடியற்காலை 20, 21 டிகிரி இருக்கும். அதற்கெல்லாம் இரும்பு சுருங்கிப் பூட்டு இறுகாது. துரு என்றால் ஒன்பது மணிக்கும் அது துருதான், வெயிலைப் பார்த்து ஓடிவிடாது. விடியலில் இறுகி வெயிலில் இளகுகிறது என்றால் உள்ளே ஏதோ உறைகிறது. பூட்டின் உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். சாவியின் வெட்டுகளுக்கு ஏற்றபடி எல்லாத் தகடும் மட்டத்துக்கு வந்தால்தான் உருளை திரும்பும். ஒரு தகடு பிசுக்கில் ஒட்டிக்கொண்டாலும் அந்தச் சின்ன ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. வீட்டில் யாராவது அதில் தேங்காய் எண்ணெய் விட்டார்களா? சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். குளியலறை பாட்டிலைக் காலையில் போய்ப் பாருங்கள்.

குன்னூர் டு கிண்டி:
நிஜமான குளிர் வேறு மாதிரி. ஊட்டிப் பக்கம் ஜனவரியில் உறைபனி விழும்போது, முந்தின நாள் வண்டி கழுவின தண்ணீர் கதவுப் பூட்டில் தங்கி ஐஸ் ஆகிவிடும். அங்கே சிலர் சாவியை லைட்டரில் சூடாக்குவார்கள். சிப் வைத்த சாவியை அப்படிச் செய்யாதீர்கள், சிப் போய்விடும். வெந்நீர் ஊற்றினால் அதுவே மறுபடி உறையும்.

திருவான்மியூர்க்காரன்:
அண்ணே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! அப்பாவிடம் கேட்டேன். கோடையில் சாவி கரகரவென்று இருந்ததாம், அம்மாவின் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டாராம். "அப்போது நன்றாகத்தானே வேலை செய்தது" என்கிறார். இப்போது எப்படி எடுப்பது?

பெரம்பூர் பழைய மெக்கானிக்:
கோடையில் வேலை செய்யத்தான் செய்யும், அப்பாவைத் திட்டாதீர்கள். வெயில் நேரத்தில், எண்ணெய் இளகியிருக்கும்போது ஆரம்பியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள், பூட்டுக்குப் பின்னாலேயே மின் சுவிட்ச் இருக்கிறது. எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை, அதாவது மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைக் குழாய் வைத்துச் சாவித்துவாரத்தில் கொஞ்சமாக அடியுங்கள். சாவியைப் போட்டு எடுத்து, துணியில் துடையுங்கள். துணியில் கறுப்புப் பிசுக்கு வருவது நிற்கும்வரை இதேதான். பெட்ரோல் வேண்டாம். கிளீனரும் தீப்பிடிக்கும், கதவுகளைத் திறந்து வையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். அப்புறம் எண்ணெய்க்குப் பதிலாக, உராய்வைக் குறைக்க கிராஃபைட் தூள் துளியூண்டு.

ரிட்டையர்ட் எலக்ட்ரீஷியன்:
கிராஃபைட்டில் எனக்கு உடன்பாடில்லை. அது மின்சாரத்தைக் கடத்தும் பொருள், அள்ளிப் போட்டால் சுவிட்ச் பக்கம் இறங்கும். மிச்ச எண்ணெயோடு சேர்ந்தால் களிம்பாகிவிடும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) உலர் ஸ்ப்ரே போதும்.

பெரம்பூர் பழைய மெக்கானிக்:
துளியூண்டு என்றுதானே சொன்னேன் சார். ஸ்ப்ரே கிடைத்தால் அதுவும் சரி.

தம்பி, சுத்தம் செய்தும் முரண்டு பிடித்தால், பீரோவில் இருக்கும் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது உங்கள் சாவிதான். அப்போது தேய்ந்த சாவியைப் பார்த்து டூப்ளிகேட் வெட்டாதீர்கள், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். ஸ்பேரை வைத்து வெட்டச் சொல்லுங்கள். உங்கள் சாவியில் இம்மொபிலைசர் சிப் (வேறு சாவியால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) இருந்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும். புதுப்பேட்டையில் பழைய லாக் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் இக்னிஷனுக்கு ஒரு சாவி, கதவுக்கு ஒரு சாவி என்று அலைய வேண்டிவரும். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பைக் சாவி எல்லாம் தொங்கினால் அவற்றையும் கழற்றுங்கள். அந்தப் பாரம் பூட்டைத் தேய்க்கும்.