செட், ரெப், ஓவர்லோட்: வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் வேண்டும்

தஞ்சை இயன்முறையாளர் | திங்கள், காலை 7.10

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு வலுப்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். 14 பேர் வருகிறார்கள். எல்லாரும் 45ஐத் தாண்டியவர்கள். தண்ணீர்க் குடத்தைத் தவிர வேறெதையும் பயிற்சி என்று தூக்கிப் பழகாதவர்கள்.

வீட்டில் ஒட்டி வைத்துக்கொள்ள ஒரு தாள் அச்சடிக்கிறேன். நாலே பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்குவது, தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேலே ஏற்றுவது. ஒவ்வொன்றும் 8 தடவை. ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. மறுபடி 8. எட்டாவது முடிந்ததும் "இன்னும் ரெண்டு முடியும்" என்று தோன்றினால் அதுதான் சரியான எடை. முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும். வாரம் 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டியில் சொன்னதையும் மேலே போட்டிருக்கிறேன்.

மூன்று சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு தடவை செய்வதற்கு ரெப், ஓய்வுக்கு முன் சேர்ந்தாற்போல் செய்கிற அந்த 8 தடவைக்குச் செட், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப்போவதற்குச் சொல்கிற ப்ரோக்ரஸிவ் ஓவர்லோட். வெள்ளி மாலை 4 மணிக்குத் தாள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

கோவில்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு) | திங்கள், காலை 9.45

அன்புள்ள அம்மா,

நம்மிடம் இல்லாத சொல்லா? திரும்பத் திரும்ப வருவதற்கு இலக்கணத்தில் இரண்டு பெயர் தயாராக இருக்கின்றன: அடுக்கு, மடக்கு. பாம்பு பாம்பு என்று அலறுகிறோமே, அது அடுக்கு. ரெப்புக்கு அதையே சொல்லலாமென்றால் நன்னூலார் "இரண்டு மூன்று நான்கு" என்று எல்லை கட்டிவிட்டார். உங்கள் எட்டுக்கு அவர் ஒப்பமாட்டார். ஆகவே அடுக்கு செட்டுக்கு. இரண்டு அடுக்குதானே, எல்லைக்குள் வருகிறது.

ரெப்புக்கு மடக்கு. மடக்கணியில் முன் வந்த எழுத்துக் கூட்டமே திரும்ப வரும், வேறு பொருள் தரும். எட்டாவது தண்டால் முதல் தண்டாலின் பொருளையா தருகிறது? செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலும் முழங்கையோ முழங்காலோ மடங்காத பயிற்சி உங்கள் தாளில் ஒன்றுகூட இல்லை.

தண்டால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தண்டம் வழி வந்த வடசொல். "கையூன்றெழல்" என்று திருத்திக்கொள்க.

மதுரை ஜிம்காரன் | திங்கள், இரவு 10.30

> "கையூன்றெழல்" என்று திருத்திக்கொள்க

ஐயா, அதைச் சொல்லி முடிப்பதற்குள் பையன் மூன்று எடுத்துவிடுவான்.

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை மூன்றையும் எடுத்துவிட்டால் எங்கள் தாத்தா காலத்துத் தேகப்பயிற்சிச் சாலையில் பேச வாயே இருக்காது. பஸ்கி கன்னடத்திலும் பஸ்கிதான். எங்கிருந்து வந்தால் என்ன, மறுநாள் மாடிப்படி இறங்கும்போது வலிக்கிற கால் நம்முடையதுதானே. செட்டு எப்போதோ தமிழாகிவிட்டது. செட்டு தோசை கேட்டால் சர்வர் அகராதியையா புரட்டுகிறார்? விட்டுவிடுங்கள் அக்கா.

யாழ்ப்பாணம், கணித ஆசிரியர் | செவ்வாய், காலை 6.20

வணக்கம். எனக்கு ஒரு சின்ன ஐமிச்சம். செட்டுக்குத் தமிழ் இல்லை என்ற மாதிரி எல்லோரும் கதைக்கிறீர்கள். எங்கட பாடப்புத்தகத்தில் அது எப்பவோ வந்துவிட்டது: தொடை. தமிழ்நாட்டில் நீங்கள் கணம் என்று படிப்பிக்கிறதை நாங்கள் தொடை என்று படிப்பிக்கிறோம்.

தொடுத்தது தொடை. பூவைத் தொடுத்தால் மாலை. எட்டு எழும்பலைத் தொடுத்தால் ஒரு தொடை. மோனைத்தொடை, எதுகைத்தொடை பற்றித் தமிழாசிரியர் ஐயாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேணும்?

தஞ்சை இயன்முறையாளர் | செவ்வாய், இரவு 8.05

தமிழாசிரியர் ஐயாவுக்கு: மடக்கை இன்று வகுப்பிலேயே சோதித்துவிட்டேன். "பாட்டிலை எடுங்கள், எட்டு மடக்கு" என்றேன். மூன்று பேர் மூடியைத் திறந்து குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்து சாருக்கு: தொடை அழகான சொல். ஆனால் "உட்கார்ந்து எழுதல்: 2 தொடை" என்று அச்சடித்தால் என்ன ஆகும்? எல்லாரிடமும் இருப்பதே 2 தொடைதான்.

போகட்டும், "உட்கார்ந்து எழுதல்" என்பதற்கும் சின்னதாக ஒன்று கிடைக்குமா? "எழுதல்" என்றதும் ஒரு அம்மா பேனா எடுத்தார்.

கோவை மொழிபெயர்ப்பாளர் | செவ்வாய், இரவு 9.15

குந்து. குந்தி எழு. சுத்தத் தமிழ், மூன்றெழுத்து வினை.

யாழ்ப்பாணம், கணித ஆசிரியர் | செவ்வாய், இரவு 9.40

எங்களுக்குக் குந்து என்றால் வீட்டு முன்பக்கத்தில் இருக்கிற திண்டு. குந்தில் குந்தலாம், பிழையில்லை.

கோவில்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு) | புதன், காலை 5.50

தோப்புக்கரணம் இருக்கக் குந்துவானேன்? தோர்பி கர்ணம், கைகளால் காதைப் பிடித்தல் என்று வடமொழியில் விளக்கம் சொல்வார்கள். நான் ஏற்பதில்லை. கரணம் நம் கூத்தர் போட்ட கரணம். "தோப்பு" மட்டும்தான் இன்னும் பிடிபடவில்லை. ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், தனி மடலில் அனுப்புகிறேன். அல்லது "குத்தவைத்தெழல்" என்றும் வைக்கலாம்.

மதுரை ஜிம்காரன் | புதன், காலை 6.30

ஐயா! தெற்கத்தி ஆளாக இருந்துகொண்டு நீங்களே இப்படிச் சொல்லலாமா? பொண்ணு குத்தவைத்துவிட்டாள் என்றால் நம் பக்கம் தாய்மாமன் சீர் தூக்கிக்கொண்டு வருவான். 45 வயது அம்மாக்களின் தாளில் அதைப் போடவேண்டாம்.

கோவை மொழிபெயர்ப்பாளர் | புதன், காலை 11.20

மூன்றாவது சொல்லை யாரும் தொடவில்லை. "மிகைச்சுமை" என்று ஓரிடத்தில் பார்த்தேன். அது லாரியை நிறுத்தி அபராதம் எழுதுகிற சொல். பொருளும் சரியில்லை. அளவுக்கு மீறி ஏற்றுவதா இங்கே நோக்கம்? பழகிய சுமைக்கு மேல் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

இந்தப் பெயர்த் தகராறு ஆங்கிலத்திலும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அடிபட்ட சிப்பாய்களை எடை தூக்கவைத்துத் தேற்றியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்கப் படை மருத்துவர். 1945 கட்டுரையின் தலைப்பில் கனத்த எதிர்ப்பு (ஹெவி ரெசிஸ்டன்ஸ்) என்ற பொருளில் சொல் போட்டார். 1948இல் வாட்கின்ஸோடு சேர்ந்து எழுதியபோது படிப்படியாகக் கூடும் எதிர்ப்பு என்று மாற்றிவிட்டார். கனம் என்றால் புதிதாக வருகிறவர் ஓடிவிடுவார் அல்லவா? 10 தடவை தூக்க முடிகிற எடை எதுவோ, முதலில் அதில் பாதி, அப்புறம் முக்கால், கடைசியில் முழுசு, ஒவ்வொன்றும் 10 தடவை. இன்று ஜிம்முக்கு ஜிம் ஓதுகிற "3 செட், 10 ரெப்" பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

என் சொல்: ஏறுசுமை. வினைத்தொகை. போன வாரம் ஏறிய சுமை, இந்த வாரம் ஏறுகிற சுமை, அடுத்த வாரம் ஏறும் சுமை, மூன்று காலமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கோவில்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு) | புதன், மதியம் 3.00

அருமை, அருமை! இதில் இன்னொரு நயம் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டில் குரோட்டன் நகரத்து மல்லன் மைலோ ஒரு கன்றைத் தினமும் தோளில் சுமந்தான், அது வளர்ந்து காளையான பிறகும் சுமந்தான் என்று கதை. ஏறு என்றால் காளை. ஏறு தழுவியவர்கள் நாம். ஏறுசுமை, காளையாகிய சுமை! எங்கள் ஊர்ப் பக்கத்து இளவட்டக்கல்லையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உருண்டைக் கல், பிடிக்க விளிம்பு கிடையாது. முதலில் முழங்காலுக்கு, பிறகு மார்புக்கு, பிறகு தோளுக்கு, அப்படியே முதுகுப்பக்கம் எறிய வேண்டும். நெல்லைச் சீமை வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்களும் தூக்குகிறார்கள்.

கோவை மொழிபெயர்ப்பாளர் | புதன், மாலை 4.10

ஐயா, காளையின் சுமையாக இருந்திருந்தால் ஒற்று இரட்டி "ஏற்றுச்சுமை" ஆகியிருக்கும், ஆறு ஆற்றுநீர் ஆன மாதிரி. நீங்கள் இந்தக் குழுவில் சொல்லிக்கொடுத்த விதிதான்.

கோவில்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு) | புதன், மாலை 4.25

ஒப்புக்கொள்கிறேன். காளையை மட்டும் என் மனத்திலிருந்து இறக்க முடியவில்லை.

தஞ்சை இயன்முறையாளர் | புதன், இரவு 9.30

ஏறுசுமையை எடுத்துக்கொண்டேன். நேற்று வகுப்பு முடிந்து ஒருவர் கேட்டார்: "தெனமும் நாலு குடம் மாடிக்கு ஏத்துறேன், அதுக்கு மேல என்ன?" குடம் 20 வருஷமாக அதே குடம், தசைக்கு அது பழகிப்போய்விட்டது என்று விளக்கிக்கொண்டே போனேன். இன்று போனில் இந்தச் சொல்லைச் சொன்னதும், "அப்ப குடம் பெருசாகணும்ங்கிறீங்க" என்று முடித்துவிட்டார். தாளில் அதற்கு நேராக "12 தடவை சுலபமானால் அரை லிட்டர் பாட்டிலை விட்டு ஒரு லிட்டருக்குப் போகவும்" என்று போடுகிறேன்.

செட் இன்னும் பாக்கி.

திருச்சி, மெஸ் நடத்துபவள் | வியாழன், காலை 11.50

ஆறு வருஷமாக இந்தக் குழுவை வாசிக்க மட்டும் செய்கிறேன். இலக்கணம் தெரியாது. காலை வேலை முடிந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் கொப்பரையில் ஒரு தடவைக்கு 36 இட்லி வேகும். அதை ஒரு ஈடு என்போம். எடுத்த கையோடு அடுத்ததை ஊற்ற முடியாது. தட்டு கொஞ்சம் ஆற வேண்டும், துணியை நனைத்துப் பிழிந்து போட வேண்டும், தண்ணீர் குறைந்திருந்தால் விட வேண்டும். அப்புறம் இரண்டாம் ஈடு. அந்த அம்மா சொல்கிற எட்டு, ஓய்வு, மறுபடி எட்டு இதேதானே? ஈடு என்று சொல்லக் கூடாதா?

தஞ்சை இயன்முறையாளர் | வியாழன், மதியம் 12.02

அம்மா, இத்தனை வருஷம் ஏன் பேசாமல் இருந்தீர்கள்!

கோவில்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு) | வியாழன், மதியம் 1.30

36 என்றதும் மெய்சிலிர்த்தது. திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொல்லி வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய உரைக்குப் பெயரே ஈடு, அளவு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது இங்கே 32 எழுத்து. ஏன் ஈடு என்று பெயர் வந்தது என்பதற்கே பல விளக்கம் உண்டு. இடு என்பதன் முதல் நீண்டு ஈடு. படு பாடு ஆவது போல, சுடு சூடு ஆவது போல. இட்டது ஈடு. சுமைக்கு ஈடுகொடுத்தல் என்ற வழக்கும் சேர்கிறது. அடுக்கை நான் கைவிடவில்லை. ஆனால் எதிர்க்கவும் இல்லை.

மதுரை ஜிம்காரன் | வியாழன், மதியம் 2.15

என் ஜிம்மில் ஈடு என்றால் பையன்கள் டிபன் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அக்காவின் வகுப்புக்குச் சரி. எனக்குச் செட்டு போதும்.

கோவை மொழிபெயர்ப்பாளர் | வியாழன், மாலை 6.40

வங்கியில் ஈடு என்றால் நகையை அடகு வைப்பது. குழப்பம் வராது என்று நம்புகிறேன். ரெப்புக்குத் தடவையே இருக்கட்டும், எல்லாருக்கும் களைப்பாக இருக்கிறது. "2 ஈடு, ஈட்டுக்கு 8 தடவை." என் ஓட்டு இதற்கு.

யாழ்ப்பாணம், கணித ஆசிரியர் | வியாழன், இரவு 7.05

எங்கட பக்கம் இட்லியை இப்படி எண்ணிக் கேட்டதில்லை. என் மறுப்பைப் பதிவு செய்யவும். தொடை.

தஞ்சை இயன்முறையாளர் | சனி, காலை 8.20

தாள் வந்துவிட்டது, 100 படி. ஏறுசுமை அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து எழுவதற்குக் கடைசியில் பஸ்கி என்றே போட்டுவிட்டேன், தமிழாசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும்.

ஆனால் அச்சுக் கோத்த தம்பி, ஈடு என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் திருத்தியிருக்கிறார். "தண்டால்: 2 வீடு. வீட்டுக்கு 8 தடவை. ஒரு வீடு முடிந்ததும் 2 நிமிடம் ஓய்வு." 14 பேருக்கு உரியதை மட்டும் நேற்றிரவு உட்கார்ந்து பேனாவால் அடித்து எழுதினேன். மீதி 86 கட்டாகக் கிடக்கிறது.

யாழ்ப்பாணம், கணித ஆசிரியர் | சனி, காலை 8.31

தொடை என்று போட்டிருந்தால் அந்தத் தம்பி கை வைத்திருக்க மாட்டான்.