கலைச்சொல்: ‘பாசிட்டிவ் எர்த்’ – வெள்ளிக்குள் வேண்டும்

காரைக்குடி ஆசிரியை: வணக்கம். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்காகப் பழைய காரில் புது ஆடியோ செட் மாட்டும் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 1950களின் மாரிஸ் மைனரில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய செட்டின் வெளிக்கூடோ எதிர்முனை. முனை பார்த்துச் சரியாகவே இணைத்தாலும் கூடு பாடியில் பட்டதும் ஷார்ட். நேர்முனை பாடியோடு சேர்ந்த இந்த ‘பாசிட்டிவ் எர்த்’ அமைப்பை ‘நேர்ப்புவியிணைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தேவகோட்டை: நாலு ரப்பர் டயர்மேல் நிற்கிற வண்டிக்குப் புவியோடு என்ன உறவு? மின்னோட்டம் தகரம் வழியாகத்தானே சுற்றுகிறது! உடம்பு என்றால் மெய். நேர்மெய், எதிர்மெய் என்று வையுங்கள். ‘லைவ்’ கம்பி உயிர். இரண்டும் கூடி செட் பாடினால் உயிர்மெய்!

பள்ளத்தூர்: அருமை அண்ணே. உயிர்மெய்யில் மெய் முந்தி ஒலிக்கும், உயிர் பிந்தும். நேர்மெய் வண்டியிலும் மின்னோட்டம் பாடியில் புறப்பட்டுத்தான் கம்பிக்கு வருகிறது. எதிர்மெய் வண்டியில் இலக்கணமே தலைகீழ்.

தேவகோட்டை: அதனால்தான் சொல்கிறேன், பழைய வண்டி தமிழ் வண்டி.

கானாடுகாத்தான்: ‘எதிர்மெய்’ என்றால் பையன் பொய் என்று நினைப்பான். பட்டறையில் ‘எர்த்து’ என்றால் போதும். ஆச்சி, முனை மாற்றும் முறை கையேட்டில் இருக்கிறதா? பேட்டரியைத் திருப்பினால் மட்டும் ஆகாது. டைனமோவின் எஃப் முனை, அதாவது காந்தச் சுருளுக்குப் போகிற ‘ஃபீல்டு’ முனை, அதன் கம்பியைக் கழற்றி, அந்த முனையில் பேட்டரியின் லைவ் கம்பியைச் சட்டென்று தொட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே காந்தம் திரும்பும். ஆம்மீட்டர், இக்னிஷன் காயில் இரண்டின் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும்.

காரைக்குடி ஆசிரியை: இருக்கிறது அண்ணே. அதற்கு வைத்த பெயரை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன்.

பள்ளத்தூர்: நேர்முனையைப் பாடியில் வைத்தால் அரிமானம் குறையும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. நம்ம காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் சிக்ரியில் கேட்டால் சொல்வார்கள்.

தேவகோட்டை: அரிப்பு என்றாலே போதாதா? ‘மானம்’ எதற்கு?

பள்ளத்தூர்: தேய்மானம், கட்டுமானம் எல்லாம் பேசுகிறோமே. போன வருடமே இதில் சண்டை போட்டு முடித்தாயிற்று.

காரைக்குடி ஆசிரியை: வெள்ளி காலை. ‘நேர்முனை எர்த்து’ என்றே அனுப்புகிறேன். பெரும்பாலோர் சம்மதம், அல்லது களைப்பு.

தேவகோட்டை: என் மறுப்பு பதிவாகட்டும். தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வராது. தமிழ்ப்படுத்துவதானால் ‘ஏர்த்து’ என்றாவது எழுதுங்கள்.

கானாடுகாத்தான்: எழுதுங்கள், வேளாண்மைத் துறையில் வாங்கிக்கொள்வார்கள்.