அப்பாவுக்கு போன்: எதிர்முனையில் பேசுவது எழுத்தாகத் தெரிய வேண்டும் (கோத்தகிரி)

ஒரசோலை:
அப்பாவுக்கு எழுபது நெருங்குகிறது. டீ ஃபேக்டரியில் ரோலிங் மிஷின் பக்கத்திலேயே சர்வீஸ் முழுக்க நின்றவர், காது போய்விட்டது. இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருக்கிறார். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் பிடித்துக்கொள்கிறார். போனில் மட்டும் முடியவே முடியவில்லை. "யாரு? யாரு பேசறது?" என்று கேட்டுவிட்டு கட் பண்ணிவிடுவார். திருப்பூரில் இருக்கும் அக்கா இப்போதெல்லாம் அவருக்குப் பேசுவதே இல்லை, எனக்குப் பேசி "அப்பாகிட்ட சொல்லிடு" என்கிறாள்.

தமிழ் பேப்பரை வரி விடாமல் படிப்பார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டும் அளவுதான். வாசல் பக்கம் சிக்னல் நன்றாக இருக்கும், சமையலறைக்குப் போனால் ஒன்றும் இல்லை. பட்ஜெட் 20,000, இழுத்துப் பிடித்தால் 25,000. ஊட்டியில் ஒரு கடைக்காரர் கூகுளின் பிக்சல் போன்தான் ஒரே வழி என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா?

லாம்ஸ்ராக்:
கடைக்காரர் சொன்னது சரி. பிக்சலில் லைவ் கேப்ஷன் 2019-ல் வந்தது, அடுத்த வருஷமே போன் அழைப்புகளுக்கும் வந்துவிட்டது. எதிராளி பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடும். எல்லாம் போனுக்குள்ளேயே நடப்பதால் நெட் வேண்டாம். நம்ம மலையில் அதுதான் பெரிய விஷயம். மழைக்காலத்தில் நெட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? புது 'ஏ' வரிசை 50,000 பக்கம் போகிறது. பழைய மாடல் செகண்ட் ஹேண்டில் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

சில்வர்ஓக்:
கண்ணைத் திறந்துகொண்டே வாங்கலாம் சார். லைவ் கேப்ஷனில் தமிழ் இல்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி என்று பட்டியல் போகிறது, நம்ம மொழியைக் காணோம். அக்கா திருப்பூரில் இருந்து ஆங்கிலத்திலா பேசப் போகிறார்? தமிழில் பேசினால் அது ஆங்கில வார்த்தையாக எதையாவது கற்பனை பண்ணிப் போடும். அதைப் படிப்பதற்கு ஒன்றும் வராமல் இருப்பதே மேல்.

சாம்சங்கைச் சொல்லப் போகிறவர்களுக்கும் இதே பதில்தான். 2024 ஜனவரியில் எஸ்24 வந்தபோது அழைப்பு மொழிபெயர்ப்பு 13 மொழியில் என்றார்கள். இந்தி இருந்தது, தமிழ் இல்லை. ஐபோனில் நேரடி கேப்ஷன் 2022-ல் வந்தது, அதிலும் தமிழ் கிடையாது.

தமிழ் வருவது லைவ் டிரான்ஸ்கிரைப்பில். அது வேறு செயலி, 2019-ல் கூகுள் விட்டது, இலவசம், பெரும்பாலான சாதாரண ஆண்ட்ராய்டுகளில் ஓடும். ஒரு போனில் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போனில் இதைத் திறந்து வையுங்கள். அவ்வளவுதான். கையில் இருக்கும் பழைய போனே போதும், செலவு பூஜ்யம்.

ஒரசோலை:
இரண்டு போன் எதற்கு? ஒரே போனில் பேசிக்கொண்டே அந்தச் செயலியைத் திறந்தால் ஆகாதா?

சில்வர்ஓக்:
ஆகாது. அழைப்பு நடக்கும்போது அந்தக் குரலை வெளிச் செயலி எதுவும் எடுக்க ஆண்ட்ராய்டு விடுவதில்லை. அழைப்பைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதைத் தடுக்க வைத்த பூட்டு அது. இருந்த ஒரு வழியையும் 2022 மே மாதம் பிளே ஸ்டோர் விதியில் அடைத்துவிட்டார்கள். ஆகவே "எல்லாக் காலுக்கும் தமிழ் கேப்ஷன்" என்று விளம்பரம் போடும் செயலியைப் பார்த்தால் காசு கட்டாதீர்கள். போன் கம்பெனியே உள்ளே வைத்துத் தந்தால்தான் ஒரே போனில் நடக்கும்.

லாம்ஸ்ராக்:
சரி, தமிழ் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுபது வயது மனிதர் தோட்டத்தில் நிற்கிறார், போன் அடிக்கிறது. பாக்கெட்டில் இருந்து ஒன்றை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, இன்னொன்றை எடுத்து, செயலியைத் திறந்து... அதற்குள் அக்கா கட் பண்ணியிருப்பாள். வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது எல்லாம் சுலபம்தான்.

அப்புறம், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து வரும் கால், பேங்க் கால் எல்லாம் பாதி ஆங்கிலம். அதற்கு பிக்சல் உதவும்.

சில்வர்ஓக்:
பேங்க் கால் ஆங்கிலத்தில் வந்தால் எழுத்தும் ஆங்கிலத்தில்தான் வரும். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். அந்த வேகத்தில் ஓடும் ஆங்கிலத்தை எப்படிப் பிடிப்பார்?

ஆடியோகிராம்:
கோயம்புத்தூரில் காது பரிசோதனைத் துறையில் இருக்கிறேன். எல்லாரும் போன் மாடலில் இருக்கிறீர்கள், காதை மறந்துவிட்டீர்கள்.

பழைய வகை அழைப்பில் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் போகும். ச, ஸ, ஷ மாதிரி ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ஃபேக்டரி மிஷின் இரைச்சலில் கெட்ட காதில் முதலில் அடி வாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டும் சேர்ந்தால் அவருக்குக் குரல் கேட்கும், பேச்சு புரியாது. "கத்துறீங்க, ஆனா என்ன சொல்றீங்கன்னு தெரியல" என்று சொல்வாரே, அதுதான். 4ஜி வழியாகப் போகும் வோல்ட்டி அழைப்பில், இரண்டு பக்கமும் அந்த வசதி இருந்தால், ஏறக்குறைய 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். அந்த வித்தியாசம் காதுக்கும் தெரியும், எழுத்தாக்கும் செயலிக்கும் தெரியும்.

முதலில் காது மிஷினைச் சரிபாருங்கள். டெலிகாயில் (போன் ஒலியைக் காந்தம் வழியே நேராக எடுக்கும் சுருள்) இருக்கிறதா? புளூடூத் இருக்கிறதா? போன் குரல் நேராக மிஷினுக்குள் போனால் அறை இரைச்சல் நடுவில் வராது. கேப்ஷனைக் கையில் கொடுத்துவிட்டால் கேட்கும் முயற்சியையே விட்டுவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

மூணாம்_டிவிஷன்:
ஆடியோகிராம் சார், கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். எனக்கே காது கேட்காது. பத்து வயதில் காய்ச்சலில் போனது, மிஷின் போட்டும் பாதிதான். "முயற்சியை விட்டுவிடுவார்கள்" என்று எத்தனை பேர் சொல்லியாகிவிட்டது! கேட்க முயற்சி பண்ணி ராத்திரி தலைவலியோடு படுப்பது நாங்கள்தானே. கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை.

புளூடூத் மிஷின் ஜோடி பல மாடல்களில் லட்சத்தைத் தொடுகிறது. இவர் கேட்டது 20,000-க்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பந்தலூர் பக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனில் இருந்து வந்த குடும்பம், டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவன். இரண்டு போன் முறையில்தான் பேசுகிறேன். சில்வர்ஓக் சொல்கிற மாதிரி "அவ்வளவுதான்" என்று முடிகிற கதை இல்லை அது.

நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசினால் செயலி அழகாக எழுதும். எங்கள் தங்கச்சி பேசினால் திணறும். ஒருமுறை "செவ்வாக்கிழம வரல, பொதன்கிழம வாறேன்" என்றாள். திரையில் வந்தது: "செவ்வாய்க்கிழமை வர புதன்கிழமை வரேன்". அந்த ஒரு "ல" போச்சு. தமிழில் இல்லை, மாட்டேன், முடியாது எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது, அங்கேதான் ஆளுக்குக் குரல் இறங்கும். ஆகவே நாள், நேரம், தொகை, வருவேனா மாட்டேனா, இந்த நான்கையும் நான் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணாமல் போனை வைப்பதில்லை. அல்லது "அதை மட்டும் மெசேஜ் போடு" என்பேன்.

செயலி அமைப்பில் சொந்தச் சொற்களைச் சேர்க்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டு ஆட்கள் பெயர், ஊர்ப் பெயர், மாத்திரைப் பெயர் எல்லாம் அதில் போட்டு வையுங்கள். கட்டபெட்டு, அரவேணு எல்லாம் அதற்குத் தானாகத் தெரியாது.

ஆடியோகிராம்:
கேப்ஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரிசையைச் சொன்னேன். எதிரில் பேசினால் பிடித்துக்கொள்கிறார் என்றால் உதட்டையும் சேர்த்துப் படிக்கிறார் என்று அர்த்தம். மிச்சமிருக்கும் கேட்கும் திறனை வீணடிக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. "சோம்பேறி" என்ற பொருளில் எழுதவில்லை.

மூணாம்_டிவிஷன்:
அப்படியானால் சரி. ஆனால் வரிசை பற்றி இன்னும் எனக்குச் சம்மதம் இல்லை. மிஷின் செட்டிங் சரியாகும்வரை அக்கா எத்தனை மாதம் காத்திருப்பாள்?

நியூஜெர்சி_மாமா:
இங்கே அமெரிக்காவில் இந்தப் பிரச்சினையே இல்லை. காது கேட்காதவர்களுக்குக் கேப்ஷன் போன் சேவை இலவசம். 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்து வந்தது, எல்லா போன் கம்பெனிகளும் ஒரு நிதியில் பணம் போடுகின்றன, இங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி மேற்பார்வை. சில சேவைகளில் மனிதர்களே உட்கார்ந்து தட்டச்சு செய்து தருகிறார்கள். அந்தச் செயலியை இறக்கிப் பாருங்களேன்.

சில்வர்ஓக்:
மாமா, அது அங்கே இருப்பவர்களுக்கான சேவை, பதிவு பண்ணும்போதே நம்மை வெளியே தள்ளிவிடும். அந்தத் தட்டச்சுக்காரருக்கு நம்ம அக்கா பேசும் தமிழும் தெரியாது.

குறிஞ்சி_கூடு:
நாங்கள் வீட்டில் படுக மொழிதான் பேசுவோம். பாட்டிக்காக இதே தேடல் தேடிவிட்டேன். எந்தச் செயலியின் மொழிப் பட்டியலிலும் படுக மொழி இல்லை. தமிழில் வைத்துப் பேசினால் பாதி வார்த்தை வேறு எதுவாகவோ மாறிவிடுகிறது. பாட்டியிடம் போனில் மட்டும் தமிழில் பேசச் சொல்லி மாமாவைக் கேட்டோம். "என் அம்மாகிட்ட நான் தமிழ்ல பேசணுமா?" என்று கோபித்துக்கொண்டார். இப்போது வாட்ஸாப் வீடியோ கால்தான். முகத்தைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் நின்று, மெதுவாகப் பேசுகிறோம். பாட்டி வாயைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துவிடுகிறார்.

ஒரசோலை அண்ணா, நீங்களும் முதலில் வீடியோ காலை முயன்று பாருங்கள். அக்காவுடன் பேச அதுவே போதுமாக இருக்கலாம்.

லாம்ஸ்ராக்:
வீடியோ காலுக்கு நெட் வேண்டாமா? பனி இறங்கினால் படம் சதுரம் சதுரமாகத் தெரியும் ஊர் இது. பேங்க்காரன் வீடியோ காலில் வருவானா?

குறிஞ்சி_கூடு:
பேங்க்காரன் போனிலும் வர வேண்டாம் சார். வந்தால் அது பெரும்பாலும் பேங்க்காரன் இல்லை.

சில்வர்ஓக்:
இதற்கு நூறு லைக்.

அதோடு ஒன்று: இரண்டு போன் முறையில் ஸ்பீக்கர் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். ஓடிபி, கணக்கு எண் எதையும் அப்படிப் பேசக் கூடாது. பேருந்தில் வைத்துப் பேசவே கூடாது.

ஒரசோலை:
அக்கா இன்னொன்று கேட்கிறாள். நான் பேசுவதெல்லாம் எழுத்தாக எங்கேயாவது இருக்குமா, மாமியார் வீட்டு விஷயம் பேசினால் யாராவது படிப்பார்களா என்று.

மூணாம்_டிவிஷன்:
நான் தமிழுக்கு நெட்டை வைத்துத்தான் ஓட்டுகிறேன், அப்போது குரல் கூகுள் சர்வருக்குப் போய் எழுத்தாகி வருகிறது. எழுத்தைப் போனில் சேமிப்பதை அமைப்பில் நிறுத்திவிடலாம், நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்தால் தெரிய வரும்போது சங்கடம். எங்கள் வீட்டிலும் ஒரு சித்தி இன்னும் "அந்த எழுத்து மிஷினை அணைச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

ஆடியோகிராம்:
செலவு பற்றி ஒன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தாலே செவித்திறன் குறைபாடு என்று கணக்கு. அப்பாவிடம் ஆடியோகிராம் (காது பரிசோதனை அறிக்கை) இருந்தால் எண்ணைப் பாருங்கள். அடையாள அட்டை எடுத்துவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மிஷினுக்கும் போனுக்கும் என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒரசோலை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று சில்வர்ஓக் சொன்ன மாதிரி பழைய போனை வைத்துப் பார்த்தோம். எழுத்து வந்தது, ஆனால் ஐந்து அங்குலத் திரையில் அப்பா கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எழுத்தைப் பெரிதாக்கினால் மூன்று வார்த்தைதான் நிற்கிறது, படிப்பதற்குள் மேலே ஓடிவிடுகிறது. ஆகவே பிக்சல் இல்லை. பேசுவதற்கு இப்போதிருக்கும் போனே போதும், எழுத்துக்குப் பத்து அங்குல டேப்லெட் ஒன்று வாங்கி வாசல் பக்கத்து மேசையில் நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். டேப்லெட்டுக்கு நெட் போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து.

லாம்ஸ்ராக்:
அப்போது தோட்டத்தில் இருக்கும்போது போன் வந்தால் ஓட்டமாக ஓடி வாசலுக்கு வர வேண்டும். தமிழ் கேப்ஷன் ஒரே போனில் வரும் நாளில் நீங்கள் அந்த டேப்லெட்டை ஓஎல்எக்ஸில் போடுவீர்கள்.

ஒரசோலை:
போடுகிறேன் சார். அதுவரை தோட்டத்தில் இருந்தால் அப்பா போனை எடுக்க மாட்டார், வீட்டுக்கு வந்து அவரே கூப்பிடுவார் என்று அக்காவிடம் சொல்லியாகிவிட்டது.

மூணாம்_டிவிஷன்:
டேப்லெட் நல்ல யோசனை, ஹாட்ஸ்பாட் நல்ல யோசனை இல்லை. சிக்னல் குறைந்து அழைப்பு 2ஜிக்கு இறங்கினால் பேசும்போது அந்த போனில் நெட் நின்றுவிடும். அக்கா பேசிக்கொண்டிருப்பாள், திரை காலியாக இருக்கும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் டேப்லெட்டை அதில் இணையுங்கள், போனிலும் வைஃபை காலிங்கைப் போட்டுவிடுங்கள், சமையலறைப் பிரச்சினையும் தீரும். பிராட்பேண்ட் இல்லை என்றால் சிம் போடும் டேப்லெட்டாகப் பாருங்கள், விலை கொஞ்சம் கூடும். அந்த சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும்.